மல்லி மேலே இருக்கிறது

1971 மே 6, வியாழன்.

நேற்று ஒரு சிறு இலக்கணப் பிழை செய்துவிட்டேன். சிங்களத்தில் ஒரு பொருள் இருந்தால் ‘தியெனவா’, ஆள் இருந்தால் ‘இன்னவா’. மாலை வகுப்பில் முதல் மாதமே படித்த பாடம்.

அம்மாவுக்குத் தடிமன், ஓயாத தும்மல். அவித்துக் கொடுக்க மல்லி கேட்டு, பக்கத்தில் மசாலாக் கடை நடத்தும் ஸுபைதா அக்காவிடம் போனேன். “மல்லியா? தங்கத்தக் கேளுங்க தம்பி, தாறேன்,” என்று சிரித்தார். அவர் வீட்டு மாடியில் மல்லி மூட்டை கிடப்பது எனக்குத் தெரியும். வாசனை சுவர் தாண்டி வருகிறது. பதுக்கலைப் பற்றிச் சொல்வது கடமையா, கோள் மூட்டுவதா? நிறைய யோசித்துவிட்டுத்தான் பொலிசுக்குப் போனேன்.

“மல்லி உட ஹங்கிலா இன்னவா” என்றேன். மல்லி மேலே ஒளிந்திருக்கிறது என்று பொருள் வரும் என நினைத்தேன். ஆனால் சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. ஊரடங்கு போட்டு, கிளர்ச்சிக்காரப் பையன்களை வீடு வீடாகத் தேடும் நேரம் இது.

ஜீப் வந்தது. “மல்லி இன்னவாத?” தம்பி இருக்கிறானா என்று கேட்டார்கள். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தம்பி நுஹ்மான், நாவுலயிலிருந்து வந்து மாடியில் தங்கிப் படிப்பவன், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“இன்னவா மஹத்தயா, இன்னவா,” என்றவர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். “நுஹ்மான், வேல விஷயமா ஒன்னத் தேடி வந்திருக்காங்க. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வா.”

அவன் தலை சீவிக்கொண்டு இறங்கி வந்தான். ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்படி ஏற்றிச் சென்றவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

நுஹ்மானும் நானும் ஒரே மாலை வகுப்பு. அவன் முதலாவது, நான் இரண்டாவது. கச்சேரியில் இருப்பது ஒரே ஒரு இடம்.

மேலே ‘பிழை’ என்று எழுதியது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. திருத்தி எழுதுகிறேன். பொலிஸ்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “தியெனவாத, இன்னவாத?” இன்னவா என்றேன். என்ன வயது என்றார். இருபத்திரண்டு என்றேன்.

இன்று மாலை அக்கா அழுதபடி வந்தார். “எனக்குக் கடைச் சிங்களந்தான் தம்பி வரும். படிச்ச சிங்களம் பேச நீங்கதான் இருக்கீங்க.” பாவமாக இருந்தது. சரி என்றேன்.

நாளை காலை அவரோடு பொலிசுக்குப் போய் மொழிபெயர்க்க வேண்டும். பிறகு கச்சேரியில் என் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும்.