வாசலில் எடுக்க வேண்டிய படம்

மழையில் சேலை நனைவது எனக்குப் பிடிக்காது. பதுளைப் பத்திரிகைக்காரர்களுக்கும் இது தெரியும். பிரதி அமைச்சரின் மனைவியான என்னிடம் ஒன்பது வருடமாக அவர்கள் கேட்டதெல்லாம் சேலையைப் பற்றித்தான். என்ன நிறம், எந்தக் கடை. தேநீரும் வடையும் கொடுத்தால் நான் சொன்னதை அப்படியே எழுதுவார்கள். நல்ல பிள்ளைகள். வயிறு நிறைந்தால் கேள்வி வராது.

நீங்கள் விசாரணை என்று வந்துவிட்டீர்கள், முறையாகவே சொல்கிறேன்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. பதினெட்டுக் குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நான் நிவாரணப் பொதிகள் கொடுப்பதாக ஏற்பாடு. போன தடவை வேறொரு பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். கரும்பலகைக்கு முன்னால் எடுத்த அந்தப் படம் எட்டாம் பக்கத்தில் முத்திரை அளவில் வந்தது. அதே வாரம் இன்னோர் அமைச்சரின் மனைவி, இடிந்த லயத்து வாசலில் யாரோ பெற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் பக்கத்தில் நின்றாள். நிருபர் கிருஷ்ணராஜிடம் காரணம் கேட்டேன்.

"வாசல் இருந்தாத்தான் பரிதாபம் வருங்க, மேடம்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

ஆகவே பொதிகளை லயத்து வாசலில் தருவதாகச் சொல்லியனுப்பினேன். யாரையும் இழுத்துவரவில்லை. கங்காணி நல்லையாவிடம் பட்டியலைக் கொடுத்து, காலைப் பெரட்டில் வேலைக்குக் கூப்பிடுவது போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிடச் சொன்னேன். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பயம். பெயர் காதில் விழுந்தால் வந்து நிற்பார்கள். நின்றார்கள்.

இராக்கம்மா என்றொருத்தி மட்டும் கங்காணியின் போனை வாங்கி என்னிடம் பேசினாள்.

"பின்னால மண்ணு இன்னும் சரியுதுங்கம்மா. பள்ளிக்கூடத்துலயே குடுத்திருங்களேன். பச்சப்புள்ள இருக்குங்க."

"பத்து நிமிஷம்தாம்மா. புள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால வந்து நில்லு" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானதற்கு நான் பொறுப்பில்லை. கொழும்பிலிருந்து வந்த தொலைக்காட்சிக்காரர்கள் பண்டாரவளையில் புரியாணிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். கேமரா இல்லாமல் கொடுத்தால் கொடுத்ததாக ஆகுமா? ஆட்களைத் திருப்பி அனுப்பட்டுமா என்று நல்லையா இரண்டு முறை கேட்டான். நிற்கட்டும் என்றேன்.

மூன்றரைக்கு மலை இறங்கியது. இருபத்தாறு பேர். இராக்கம்மா, அவள் பிள்ளை, நல்லையா எல்லோரும் அதற்குள்.

கேமராக்கள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். கிருஷ்ணராஜ் கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொன்னான், திரும்பினேன். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். 'கலங்கிய தாய்' என்று தலைப்பு. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் லயத்துக்கு ஏன் திரும்பினார்கள் என்று ஒருவனும் எழுதவில்லை. எழுதினால் புரியாணியும் வெளியே வருமே.

நீங்கள் ஒருவர்தான் கேட்கிறீர்கள். மலை சரியும் என்று எனக்கு எப்படி ஐயா தெரியும்? நான் என்ன மண்ணைப் படித்தவளா? அந்த நேரம் நான் இருந்தது லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கு மறுகரையில், என் வாகனத்தில். மண் அவ்வளவு தூரம் வராது என்று காலையிலேயே அதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் அங்கே நிறுத்தச் சொன்னேன்.