வெள்ளையடித்த கூரைக்கல்

— கிட்ட வாங்க கண்ணுங்களா. அந்தச் சாக்கை இழுத்துக் காலை மூடிக்குங்க. ஒரு கூரையோட கதை சொல்றேன். ஹல்துமுல்லைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே தகரக் கூரைக்குக் கீழ வரிசையா ஒத்தை அறைக் காம்பராங்க. அம்பத்தேழாம் வருசத்து வெள்ளம் வந்துபோய் ரெண்டு மூணு வருசம் கழிச்சு, ஒரு கார்த்திகை மழை. பகல்தான், ஆனாலும் மூட்டத்துல வாசல் தெரியல. சனமெல்லாம் கொழுந்தெடுக்கப் போயிருச்சு. காச்சலோட படுத்திருந்த வீரய்யாவும், பச்சைப்புள்ளைக்காரி வேலாயியும் கடைசிக் காம்பராவுல. இனி நான் குறுக்க பேசமாட்டேன். அவங்க பேசுறதைக் கேளுங்க.

— இல்லங்க, பூனை இப்படியா நடக்கும்? மேல ஆளு நடக்குது.

— மழைடி வேலாயி. தகரத்துல மழை விழுந்தா நூறு காலு கேக்கும்.

— மழை எல்லாப் பக்கமும்தான் விழும். இது பின்னாலருந்து முன்னால போகுது. போயி நிக்குது. ந்தா, கேட்டுச்சா?

— ...கேட்டுச்சு.

— கடகடன்னு உருண்டுச்சே, அது என்னா?

— குரங்கா இருக்கும். என் கல்லை உருட்டுது, சனியன்.

— இந்த மழையில எந்தக் குரங்கு வெளிய வரும்? மாரியாத்தா! ஏங்க, கூரையில கல்லு உருண்டா என்னான்னு உங்களுக்குத் தெரியாதா? குட்டிச்சாத்தான் வேலைங்க. உங்க அண்ணன் ஏவி விட்டுட்டாரு.

— இராசையா அண்ணனா? அட போடி. அவருக்குக் கோவம்னா மூஞ்சிக்கு நேரா அறைவாரு. சாத்தானுக்குக் கோழி வாங்கிக் குடுக்கிற அளவுக்கு அவரு கை நீளாது.

— சிரிக்காதீங்க. பக்கத்துக் காம்பராவுல இருந்துக்கிட்டு, ஆடியிலருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரே. எல்லாம் அந்தக் கல்லுக்காகத்தானே?

— பின்ன? ஆனிக் காத்துல நம்ம தகரம் பறந்து பள்ளத்துல போயி விழுந்துச்சு. வயித்துப் புள்ளையோட நீ நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்ன. அதுக்கப்புறமும் தகரத்தைச் சும்மா விடச் சொல்றியா? லயத்துக்குப் பின்னால கல்லுக்கட்டு சும்மா கெடந்துச்சு. புடுங்கி மேல வச்சேன்.

— வச்சதோட நின்னீங்களா? தீவாளிக்குச் சுண்ணாம்பு வேற பூசினீங்க.

— பூசினா என்னா? மேல ரெண்டு வரிசை வெள்ளைக் கல்லு, கீழ சுவத்துல செவப்புக் காவிப் பட்டை. ரோட்டுல போன லொறிக்காரன்கூட நின்னு பாத்துட்டுப் போனான். தொரை பங்களா கணக்கா இருக்குன்னு நீதான் சொன்ன.

— சொன்னேன். உங்க அண்ணன் என்னா சொன்னாரு? மலைக்கு முட்டுக் குடுத்த கல்லுடா, அதுல கை வைக்காதன்னாரு. நீங்க அவரைப் பொறாமைக்காரன்னீங்க. ஐயோ, திரும்பவும் உருளுதுங்க!

— இரு. கதவைத் தொறந்து யாருன்னு பாத்துடுறேன். கவ்வாத்துக் கத்தியை எடு.

— வேணாங்க.

— எடுன்னா எடு... என்னடி இது? கதவு வரமாட்டேங்குது.

— தாப்பாளை எடுத்தீங்களா?

— எடுத்தாச்சு. மழையில பலகை ஊதிருச்சு போல. ம்ம்... ம்ம்... இல்ல. மேல் சட்டம் கதவைக் கடிச்சுப் புடிச்சிருக்கு.

— வெளியருந்து யாரோ புடிச்சிருக்காங்க. உங்களைக் கும்புடுறேன், தள்ளி வாங்க.

— யார்றா அது? வாயத் தொறந்து பேசுடா!

— கத்தாதீங்க, புள்ள முழிச்சுக்கும். ஏங்க... தொட்டிலை நீங்க ஆட்டுனீங்களா?

— நான் கதவுகிட்ட நிக்கிறேன். நான் எப்படி ஆட்டுவேன்?

— பின்ன ஏன் சுவத்துல போயி முட்டுது? காலையில தொட்டிலுக்கும் பின்சுவத்துக்கும் நடுவுல பூந்து போய்த்தானே பானையை எடுத்தேன்.

— கயிறு நழுவியிருக்கும்.

— கட்டுன எடத்துலதான் இருக்கு. நேராத்தான் தொங்குது, நீங்களே பாருங்க.

— தள்ளு, கையை வச்சுப் பாக்குறேன்... வேலாயி.

— என்னங்க?

— புள்ளையத் தூக்கு.

— ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? சொல்லுங்க!

— தொட்டில் சுவத்துக்கிட்ட போகலடி. சுவருதான் தொட்டிலுக்கிட்ட வந்திருக்கு. வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, தொட்டுப் பாரு. சேறு கசியுது.

— அப்ப மேல நடந்தது?

— பேயி இல்ல. பேயா இருந்தா ஒரு கோழிய அறுத்து அனுப்பிடலாம். மலைடி. நான் முட்டுக்கல்லைப் புடுங்கின மலை. லயத்தையே முன்னால தள்ளுது.

— ஆத்தா... சன்னல் வழியா?

— அந்த ஓட்டையில புள்ளத் தலைகூடப் போகாது. கூரைதான் வழி.

— அப்ப தள்ளுங்க, தகரத்தைத் தள்ளுங்க!

— தள்ளுறேன்... காத்துக்கே அசையாதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசினேனே. ஆணிக்கு மேல ஆணி அடிச்சேனே. என் கைக்கு அசையுமா வேலாயி? அசைய மாட்டேங்குது.

— ஷ்ஷ்... மேல. இப்ப யாரோ தகரத்தைப் பிக்கிறாங்க.

— என் பின்னால வா. கத்தி கையிலதான் இருக்கு. யாரு அது?

— கத்தியைக் கீழ போடுடா மடப்பயலே. மொதல்ல புள்ளையக் குடு.

— அண்ணே!

— அழுறதைக் கோயில் மேட்டுல வச்சுக்கலாம். லயத்துல கெடந்த கெழடு கட்டையெல்லாம் அங்கதான் அனுப்பியிருக்கேன், நீங்கதான் பாக்கி. வேலாயி, உரலு மேல ஏறும்மா. கையக் குடு. கீழ பாக்காத. வீரய்யா, நான் நீட்டுற இந்த அலவாங்குக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஏறு. சீக்கிரம்டா, கைமரம் முனகுது!

— ஏறிட்டேன் அண்ணே.

— குதி. ஓடு. பின்னால திரும்பாத.

— அண்ணே... அந்தச் சத்தம்...

— உன் காம்பராதான். போகட்டும். புள்ள மூச்சு விடுதா பாரு.

— விடுறா மாமா. உங்க சட்டையப் புடிச்சுக்கிட்டே தூங்குறா. மாமா, உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். அவ்வளவு நேரமா கூரையில நடந்தது நீங்கதானா? ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?

— நான் எங்கம்மா நடந்தேன்? ஒரே ஒரு தரம்தான் ஏறினேன், அதுவும் உங்க கதவுச் சட்டம் கோணிக் கெடந்ததைப் பாத்து, உங்களை எடுக்க. முழங்கால் வீங்கி அடுப்படியில குந்தியிருந்தேன். வாசல்ல தண்ணி ஓடுற கான்ல தொப்பு தொப்புன்னு என்னமோ விழுந்துச்சு. எட்டிப் பாத்தா, மூட்டத்துக்குள்ள வெள்ளை வெள்ளையா கல்லு. எலை அசையல, காத்து இல்ல. ஆடிக் காத்துக்கே எறங்காத கூரைக்கல்லு இப்ப எறங்குதுன்னா, லயமே சாயுதுன்னு புரிஞ்சுச்சு. நீ மட்டும் அந்தச் சுண்ணாம்பைப் பூசாம இருந்திருந்தா, இந்த மூட்டத்துல என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுடா தம்பி.

— அம்புட்டுத்தான் கண்ணுங்களா. உங்க கூரைமேல மழை மட்டும் நடக்கட்டும். உங்க கதவு தொட்டதும் தொறக்கட்டும். உங்க வீட்டுத் தொட்டில் கட்டுன எடத்துலயே ஆடட்டும். பக்கத்து வீட்டுல கோவக்காரர் ஒருத்தர் நல்ல கண்ணோட, நல்ல காதோட, நூறு வருசம் இருக்கட்டும்.