ஸ்நேருக்கு இரண்டு மைக்

ஸ்நேர் டிரம்முக்கு மைக் வைக்கும்போது அவசரம் ஆகாது, ஐயா. மேலே ஒன்று வைப்பேன். விளிம்புக்கு இரண்டு விரல் உயரத்தில், மைக்கின் மூக்கு தோலின் நடுவைப் பார்க்க வேண்டும். முதுகைப் பக்கத்தில் தொங்கும் பித்தளைத் தாளத் தட்டுகளுக்குக் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தட்டுச் சலசலப்பெல்லாம் இதில் வந்து விழும். கீழே இன்னொன்று, அடித்தோலை ஒட்டி ஓடும் கம்பிகளுக்காக. அந்தக் கீழ் மைக்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கொசு பறந்தாலும் வாங்கிக்கொள்ளும் ரகம். ஸ்நேருக்குப் போய் இதுவா என்று தொழில்காரர்கள் சிரித்தார்கள்.

டிரம் வாசித்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். கைவேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். ஆனால் என் மைக்கை மதிக்க மாட்டார். அரைநாள் மெனக்கெட்டு வைத்ததை ஒரு கையால் நகர்த்திவிடுவார். கேட்டால், "டேய் மச்சான், வாசிக்கிறவன் நானா, உன் மைக்கா?" என்று சிரிப்பார்.

அக்கா பாடுவாள். இடைவேளையில் அத்தான் அவளை ஒலிப்பதிவு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார், கண்ணாடிக்குத் திரை இழுப்பார். உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காத அறை. அதனால்தான் அவளை அங்கே வைத்து அடித்தார். மைக் திறந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொழில் தெரிந்தவர் செய்கிற தப்பா அது? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு ஓர் அடி விடாமல் கேட்டது.

மூன்று வருடம் கேட்டேன். வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் கூடப்பிறந்தவன் மூக்கை நுழைத்தால் யார் வாழ்க்கை பாழ்? அக்கா ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள். "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுடா தம்பி. ஒருநாள் இந்த ஆளு என்னைக் கொன்னுடுவாரு."

"பாட்டு முடியட்டும்க்கா, பாத்துக்கலாம்" என்றேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றுதானே சொல்கிறார்கள்.

அன்று மதியம் அடி வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. மீட்டரில் ஊசி சிவப்பைத் தொட்டது. அளவைக் கொஞ்சம் குறைத்தேன். அப்புறம் மண்டை எதிலோ மோதும் சத்தம், கூடவே என் கீழ் மைக் தரையில் விழும் சத்தம். உடனே எழுந்து ஓடினேன். துளிகூடத் தயங்கவில்லை.

அக்கா தரையில் கிடந்தாள். தலைக்கு அடியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்து, "அடியாத மாடு படியாதுடா" என்றார். சொல்லிக்கொண்டே வழியில் கிடந்த மைக்கைக் காலால் எத்தினார்.

மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு இரும்பு, ஏழெட்டுக் கிலோ தேறும். ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து அவர் நெற்றியில் இறக்கினேன். விழுந்தார். கையைத் தூக்கி, "வேணாம்டா மச்சான்" என்றார். அந்தக் கையை உடைத்தேன். முகத்தில் ஐந்து முறை போட்டேன். மூன்றாவதிலேயே தாடை போய்விட்டது, மீதி இரண்டும் தேவையில்லைதான். கோபம் வந்த மனிதன் எண்ணிக்கொண்டா இருப்பான்?

ஆம்புலன்ஸுக்குச் சொல்லாமல் நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. எத்துப்பட்ட மைக்கைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்தேன். கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வெளியே வந்து ஹெட்போனை மாட்டினேன். கெடவில்லை. அக்காவின் மூச்சு அத்தனை சுத்தமாக விழுந்தது. இரண்டு முறை "தம்பி" என்று கூப்பிட்டாள். அத்தானின் இரைச்சல் இல்லாமல் அவள் குரலை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். நடுவில் கதவைத் திறந்தால் பதிவு கெட்டுவிடும். மூச்சு நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு போன் செய்தேன்.

அக்காவைக் கொன்றது அத்தான். நான் அவளுக்காகக் கொலையே செய்த தம்பி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.