வெறுந்தட்டு

— என்ன பூதக்கண்ணாடிக்காரி, அத்தான் வந்து நிக்கிறேன், தலையைத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டேங்குற? கண்ணு அதுலயே ஒட்டிக்கிச்சா?

— கதவைச் சாத்திட்டு வாங்க அத்தான். லேப்ல எதையும் தொடாதீங்க.

— தொடல தாயே! நேத்து ராத்திரி வெளியூர்ல தங்கிட்டு இப்பத்தான் நேரா இங்க வரேன், உங்க அக்காவும் காலையிலேர்ந்து போனை எடுக்கல. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் இன்னிக்கு என்மேல அப்படி என்ன கோவம்?

— வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

— சரி, விஷயத்துக்கு வரேன். ஊர்த் தண்ணித் தொட்டியைத் திறக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லு. காலரான்னு சொல்லி மூடினதிலேர்ந்து வால்வுக்காரன் நான் தெருவுல தலைகாட்ட முடியல. லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தியும் என்னைத்தான் திட்டுறா.

— இந்தத் தட்டைப் பாருங்க. தொட்டித் தண்ணியை இதுல தடவி வெச்சேன். காலராக் கிருமி இருந்தா மஞ்சப் புள்ளியா முளைக்கும்.

— ஒண்ணுமே இல்லையே! நீ ஊத்தி வெச்ச பச்சைக் கூழ்தான் அப்படியே கிடக்கு!

— ம்.

— அப்புறம் என்ன ‘ம்’? பிளீச்சிங் பவுடரை மூட்டையோட கவுத்தேன்ல... கிருமி குடும்பத்தோட காலி!

— தொட்டிச் சுவரைத் தேய்ச்சீங்களா?

— தேய்ச்சாச்சு, தேய்ச்சாச்சு.

— வழுவழுன்னு படிஞ்சிருக்குமே, அது...

— தேய்ச்சேன்னு சொல்றேன்ல! இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஏணியில இறங்கி... சரி, மேலோட்டமாத் தேய்ச்சேன். அதுக்குத்தான் பவுடரை ரெட்டிப்பாப் போட்டேனே.

— இங்க வாங்க. ஒரு கண்ணை மூடிட்டு இதுக்குள்ள பாருங்க.

— என்ன இது, கொழகொழன்னு... ஐயையோ, நகருது! கையும் இல்ல, காலும் இல்ல, அது பாட்டுக்கு வழிஞ்சு போகுது!

— அமீபா. அந்த வழுவழுப்புலதான் குடியிருக்கும். பக்கத்துல துள்ளுதே பொடிப்பொடியா, அது காலராக் கிருமி. என்ன செய்யும்னு பாக்க நான்தான் விட்டேன்.

— அடேயப்பா, முழுங்கிருச்சு! இந்தா, இன்னொண்ணு! உங்க அக்கா சினிமா பாத்துக்கிட்டே கடலை கொறிக்கிற மாதிரியே...

— அத்தான்.

— சிரியேன் கொஞ்சம்! இவன் நம்ம ஆளுடி. சம்பளம் போட்டுத் தொட்டியிலயே வேலைக்கு வெச்சுக்கலாம்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப இதைப் பாருங்க. அதே அமீபா, பவுடர் பட்டதுக்கு அப்புறம்.

— சுருண்டு உருண்டையாக் கிடக்கு. செத்துருச்சா?

— சாகல. ஆபத்து வந்தா தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கும். பவுடர் உள்ள போகாது. அந்தக் கிருமிமேல மட்டும் ஒட்டுற பச்சைச் சாயம் போட்டிருக்கேன். உள்ள என்ன தெரியுது?

— பச்சைப் பச்சையா மின்னுது... இரு இரு. முழுங்கினது இந்நேரம் செரிச்சிருக்கணுமே?

— செரிக்கல. வெளிய இருந்ததெல்லாம் செத்துச்சு. வயித்துக்குள்ள போனது அங்கயே உக்காந்து பெருகிட்டு இருக்கு.

— சும்மா பயமுறுத்தாத. தட்டு வெறுமையாத்தானே...

— இது ரெண்டாவது தட்டு. அதே தண்ணி. அமீபாவோட ஓட்டை உடைச்சிட்டுத் தடவினேன்.

— ஐயோ...

— எண்ணக்கூட முடியல அத்தான்.

— முழுக்க மஞ்சளா... அதே தண்ணியா? நீ எங்கயாவது மாத்தி கீத்தி வெச்சிருப்ப. நல்லாப் பாரு!

— மாறியிருக்கக் கூடாதான்னு நானும் காலையில திரும்பத் திரும்பப் பாத்தேன். மாறல. நல்லவேளை, வால்வு மூடியே இருந்துச்சு. இல்லையா?

— ஆங்? ஆமா... ஆமா. இந்தத் தண்ணியைக் குடிச்சா உடனே வந்துருமா?

— ஏன்?

— சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான். கொதிக்க வெச்சா செத்துரும்ல?

— நல்லாக் கொதிச்சா செத்துரும்.

— கொதிக்க வெக்காம... சின்னப் பிள்ளைங்க யாராவது...

— எந்தெந்தத் தெருவுக்குத் திறந்தீங்க அத்தான்? உங்க வாயால சொல்லுங்க. ஒரு தெரு விட்டுப்போச்சுன்னாலும் ஆபத்து.

— நம்ம தெருவுக்கு மட்டும்தான். சத்தியமா! முந்தாநாள் பாப்பா லாரி வரிசையில நின்னா. அவ உசரத்துல பாதிக்கு ஒரு குடம். எவளோ முழங்கையால இடிச்சுத் தள்ளிட்டா. அப்பன் வால்வுக்காரன், மக தண்ணிக்கு ரோட்டுல அழுதுட்டு நிக்கிறா... பவுடர்தான் போட்டாச்சேன்னு லேசாத் திறந்துவிட்டேன். உனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. இந்தத் தண்ணி நான் தொட்டியில போய் எடுத்ததில்ல. முந்தாநாள் சாயங்காலம் அக்கா ஒரு பாட்டிலைக் கொடுத்துட்டுப் போனா. குழாய்த் தண்ணியில பவுடர் நெடி அடிக்குது, குடிக்கலாமான்னு பாருன்னா.

— பாட்டிலா... எந்தப் பாட்டில்?

— ஆபீசர்கிட்டச் சொல்லிக் காலையிலயே வால்வை மூடியாச்சு. யாரு திறந்ததுன்னு கேட்டாரு...

— எந்தப் பாட்டில்னு கேக்குறேன்!

— மூடியில முயல் போட்டிருக்குமே, அது.

— அது பாப்பா ஸ்கூலுக்குக் கொண்டுபோறது... ஏய், உங்க அக்கா எங்க? ஏன் போன் எடுக்கல? சொல்லுடி!

— ஆஸ்பத்திரியில. விடிகாலையிலேர்ந்து பாப்பாவுக்கு வயித்தால போச்சு. டிரிப் ஏறுது, கண்ணு முழிச்சுட்டா, பொழச்சுக்குவா... அங்க ஓடாதீங்க அத்தான், நில்லுங்க! முதல்ல தெருவுல ஒவ்வொரு கதவையும் தட்டணும், குடத்துல இருக்குறதைக் கொட்டச் சொல்லணும். நானும் வரேன். மூடின குழாயில தண்ணி எப்படி வந்துச்சுன்னு முந்தாநாளே எனக்குப் புரிஞ்சுது. நேத்து அந்த வெறுந்தட்டைப் பாத்துட்டு, தண்ணி சுத்தம்தான்னு நம்பி, உங்க வேலை போயிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்.