முக்கால் நொடி

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், காற்றும் நேராக வரும்.

காற்றில் இன்டர்நெட் விடுகிற தொழிலில் எங்களுக்கு முதல் எதிரி மரம். அடுத்த எதிரி மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள். ஈரப் போர்வை ஒன்று ஆன்டெனாத் தட்டுக்கு முன்னால் தொங்கினால் போதும், ஒரு தெருவே படுத்துவிடும். எல்லோரும் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். நான் அக்காவைக் கூப்பிடுவேன். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டுக்காரியிடம் சிரிக்கச் சிரிக்க நாலு வார்த்தை பேசி, போர்வையைத் தானே மடித்துக் கொடுத்துவிட்டு வருவாள். அடுத்த மாதம் அந்த வீடும் நம்மிடம் லைன் எடுத்திருக்கும். அக்கா அப்படிப்பட்டவள்.

இந்தக் கம்பெனியில் நாங்கள் இரண்டே பேர்தான். டவர் ஏறுவது அக்கா, கீழே உட்கார்ந்து திரையைப் பார்ப்பது நான். எனக்கு ஸ்டூல் மேல் நின்றாலே தலை சுற்றும். அவளோ உச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டைத் திருப்பிக்கொண்டே, "இப்ப எவ்ளோடா காட்டுது? இப்ப?" என்று காதில் மாட்டிய போனில் கேட்பாள். எண் ஏற ஏற எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருக்கும். "போதும்க்கா, அப்படியே முறுக்கு, விடாத" என்பேன். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத மேட்டு வீடுகளுக்கு முதன்முதலில் நெட் போன அன்று, நாங்கள் இருவரும் இந்த அறையில் ஆட்டமே போட்டோம். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டினார். அவரையும் ஆட வைத்தாள். இதை நீங்கள் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இது தெரியாமல் மற்றது புரியாது.

ஒருமுறை பேய்க்காற்றில் மேட்டு டவர் சாய்ந்துவிட்டது. அக்கா அதை நிமிர்த்தும் வரை நான் எல்லா லைனையும் செயற்கைக்கோள் வழியாகத் திருப்பிவிட்டேன். படம் தெளிவு, வேகமும் பரவாயில்லை. பேச்சு மட்டும் அவ்வளவு உயரம் போய் இறங்குவதால் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். நீங்கள் ஒன்று கேட்டால், எதிராளியின் பதில் ஒரு கணம் தாமதமாக வரும். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் வந்த புகார்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ரிட்டயரான பேங்க் மேனேஜர் ஒருவர் வேறு எதற்கோ வந்துவிட்டு, "தம்பி, என் மருமகன் எதையோ மறைக்கிறான். பொண்ணு நல்லா இருக்காளான்னு கேட்டா முழுங்கி முழுங்கிப் பதில் சொல்றான்" என்று புலம்பினார். தையல் கடை அம்மா, "என் பையன் மாறிட்டான்பா. சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட யோசிக்கிறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டவர் நிமிர்ந்தது. மருமகனும் நல்லவனாகிவிட்டான், பையனும் பழையபடி ஆகிவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரே வார்த்தையை விட்டுவிட்டு, வார்த்தைக்கு முன்னால் வருகிற இடைவெளியை நம்பிக்கொண்டிருந்தது. அதை வைத்து எதுவும் செய்யும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை.

பிறகுதான் கண் டாக்டர் வந்தார். டாக்டர் என்று நாங்களாக வைத்த பெயர். உண்மையில் அவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறவர், தூர தேசத்தில் சொந்தக் கடை. சித்தி வழியில் அக்காவுக்கு வந்த சம்பந்தம். தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவார்கள். அக்காவின் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான், இதோ இதுதான். அவர் என்ன சொல்வாரோ, அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். டவர் உச்சியில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் அவள் வந்து என் தலையில் லேசாகத் தட்டி, "டேய், நான் போனதுக்கப்புறம் ஏறுறதுக்கு ஒரு நல்ல ஆளாப் பார்த்து வச்சுக்கோ" என்றாள்.

"பார்த்துடலாம்க்கா" என்றேன்.

"தனியா சமாளிப்பியாடா?"

"ஏன், நான் என்ன குழந்தையா?"

அவள் கண் கலங்கியது. எனக்கு எதுவும் கலங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மனதில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, கால் தரையில் பாவாமல் நடந்தேன்.

எங்கள் சாதனத்தில் ஒரு வசதி உண்டு சார். சோதனைக்காக ஒருவருடைய லைனை மட்டும் தாமதப்படுத்திப் பார்க்கலாம். ஆனால் பழகாத கையை அக்காவின் லைனில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் பக்கத்துத் தெரு மாடி வீட்டுப் பெண்ணின் லைனில் பழகினேன். கைக்குழந்தைக்காரி, புருஷன் வெளியூரில் வேலை. அந்தச் சந்தில் செல்போன் சிக்னல் எடுக்காது என்பதால் எல்லாம் நம் லைனில்தான். அங்கேதான் கற்றுக்கொண்டேன், தாமதத்தை ஒரேயடியாக ஏற்றினால் படம் குதிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று. முக்கால் நொடிக்கு மேல் போனால் லைன் மேல் சந்தேகம் வரும். முக்கால் நொடி வரைக்கும் சந்தேகம் ஆள் மேல்தான் வரும். சில மாதங்களில் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டோடு போய்விட்டாள். வேறு காரணமும் இருந்திருக்கலாம். நல்ல சந்தாதாரர், ஒருநாள்கூடக் கத்தியதில்லை. அவளை இழந்ததில் எனக்கு வருத்தம்தான்.

அக்காவுக்கு நான் எவ்வளவு பக்குவமாகச் செய்தேன் என்று சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். எப்போதும் தாமதம் போட்டால் அது லைன் கோளாறு. அக்கா கண்டுபிடித்துவிடுவாள், அவள் என்ன லேசுப்பட்டவளா. அதனால் அவர்கள் வெயில், மழை, கடைக்கு வந்தவர்கள் என்று பேசும்போது லைன் பளிங்கு மாதிரி ஓடும். முக்கியமான எதையாவது கேட்பதற்கு முன்னால் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகக் கேட்கும். குரல் இறங்கியதும் என் விரல் மெல்ல ஏற்றும். "உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்குல்ல?" என்று கேட்பாள். அங்கே அவர் கேட்ட மாத்திரத்தில் "ரொம்ப" என்று சொல்லியிருப்பார். இங்கே அந்த "ரொம்ப" வருவதற்குள் அக்கா ஒருமுறை எச்சில் விழுங்கிவிடுவாள். உடனே நான் இறக்கிவிடுவேன். அவர் "நீங்க சந்தோஷமா வர்றீங்களா?" என்று கேட்கும்போதும் அப்படித்தான். அவருடைய குரலும் இறங்கும், நல்ல மனிதர். யாரும் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. நானும் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. எல்லாம் சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தது.

அந்தச் சாயங்காலங்களில் எனக்கு இருந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது. காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா உச்சியில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவளுக்கு லைன் மேல் சந்தேகம் வராமல் இல்லை. ஒருநாள் அவளே வந்து இந்தத் திரையில் எல்லாவற்றையும் சோதித்தாள். நான் தாமதம் போட்ட தடயத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. வேறு சிம் போட்டுப் பேசிப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொந்தக் கம்பெனியை வைத்துக்கொண்டு எவளாவது அடுத்தவன் லைனில் பேசுவாளா. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்லடா. இது நான் கட்டின லைன். மனுஷன்லதான் இருக்கு" என்றாள்.

"என்னக்கா?"

"அவருக்கு இஷ்டமில்ல. வாய் சரின்னு சொல்லுது. ஆனா யோசிச்சுச் சொல்லுது."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தேன். எத்தனை தம்பிமார்கள் அப்படி இருப்பார்கள் என்று தெரியவில்லை.

அந்தச் சம்பந்தத்தை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஓகோவென்று வளர்ந்தோம். டவர்கள் இரண்டு மடங்காயின. நடுவில் ஒரு கல்லூரி வாத்தியார் சம்பந்தம் வந்தது, சீக்கிரமே கலைந்துவிட்டது. அக்காவின் சினேகிதி ஒருத்தி, எங்கள் ஊருக்கே வந்துவிடு, சேர்ந்து தொழில் செய்யலாம் என்று கூப்பிட்டாள். அதையும் கலைத்தேன். பின்னாட்களில் எனக்கு வேலையே இல்லாமல் போனது. அக்கா நேரில் பேசுகிறவர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். கடைக்காரர் மிச்சச் சில்லறை எடுக்கத் தாமதித்தால்கூட அவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள். என்னிடம் மட்டும்தான் சகஜமாகப் பேசுவாள். நான் எதற்கும் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன், அது அவளுக்குப் பிடிக்கும்.

போன மாதம் கண் டாக்டர் நேரில் வந்து நின்றார். கல்யாணம் ஆகவில்லையாம். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பெஞ்சில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, "ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். என்னை ஏன் வேண்டாம்னீங்க?" என்றார்.

"நீங்கதானே தயங்கினீங்க" என்றாள் அக்கா.

"நானா? ஒவ்வொரு தடவையும் நீங்கதாங்க தயங்கினீங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அக்கா இந்தப் பிளைவுட் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு போதும், புத்திசாலி. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. டவர் மேலிருந்து கேட்பது போல, அதே குரலில்தான் கேட்டாள்.

"எவ்ளோடா போட்ட?"

"முக்கால் நொடிக்கா. அதுக்கு மேல போனதே இல்ல" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

உங்களுக்கு அனுப்பிய புகாரில் அவள் தன்னை 'சந்தாதாரர்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உறவுமுறை எங்கும் இல்லை. கோபத்தில் எழுதியது, போகட்டும். அதில் உள்ளதெல்லாம் நிஜம்தான். அந்த மாடி வீட்டுப் பெண், வாத்தியார், சினேகிதி, இந்த மனிதர், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அன்று நான் சொன்னதைக் கேட்ட பிறகு, கண் டாக்டர் அங்கேயே, என் கண்ணெதிரே, "இப்ப நேர்ல கேக்கறேன். என்கூட வர்றீங்களா?" என்றார். அக்கா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் இன்னும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள லாட்ஜில் அறை எடுத்துக் காத்திருக்கிறார், அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்போது என் இரண்டு கையும் மேஜை மேல் இருந்தன சார். கீபோர்டில் இல்லை. அவரும் பார்த்தார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தயக்கத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.