கால்வாய் மேல இட்லி வண்டி

செடிக்கு இடம் இருக்கு, என் இட்லி வண்டிக்கு மட்டும் இடம் இல்லையா? இப்படித்தானே கத்துனே மாரம்மா, தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி? ஆமா, இல்ல. போதுமா? செடி எச்சித்தட்டைக் கழுவிக் கால்வாயில ஊத்தறதில்ல.

முணுமுணுக்காதே. கன்னடத்துல திட்டினா எனக்குப் புரியாதா? ஓசூர்ல இருக்கறவளுக்குப் பேச வருதோ இல்லையோ, திட்டு எல்லா பாஷையிலயும் புரியும்.

இந்தக் கால்வாய் மழைத்தண்ணி போறதுக்கு. உன் எச்சி எலையும் சாம்பார்த் தண்ணியும் போறதுக்கில்ல. போன மழைக்கு எங்க ஹால்ல சோபா மிதந்துச்சு, கூடவே உன் எலையும் மிதந்துச்சு. இப்ப மண்ணை வாரி, தண்ணி உள்ள இறங்கற மாதிரி பள்ளம் வெட்டி, ரெண்டு பக்கமும் செடி வச்சு, நடக்கறதுக்குக் கல்லு பதிச்சு, பெஞ்சும் போட்டாச்சு. பாக்கவே பெங்களூரு மாதிரி இருக்கு. அதுக்கு நடுவுல உன் வண்டி, மூக்கு மேல மரு மாதிரி. டிஸ்கஸ்டிங்!

என்னது? ஃபர்ஸ்ட் ஷிப்ட் பசங்க பட்டினி கெடப்பாங்களா? கம்பெனி கேன்டீன்ல தின்னட்டும். உன் இட்லி இல்லைன்னு எந்த மெஷினும் நின்னுடாது.

மாத்து எடம்தான் குடுத்திருக்காங்களே, சந்தைக்குப் பின்னாடி. அங்க கம்பெனி பஸ் நிக்காதுன்னா அது உன் பாடு. ஈ ஓட்டு.

ஐயோ, கண்ணைக் கசக்காதே. அழுதா எரங்கற ஆளில்ல நானு. எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு.

ஆமா, நான்தான். வார்டு மீட்டிங்ல முதல்ல எந்திரிச்சு, இந்த வண்டியைத் தூக்குங்கன்னு சொன்னது நான்தான். யார் சொன்னா, ஹரீஷா? பெத்தவளைப் போட்டுக் குடுக்க என் புள்ளைக்கு அவ்வளவு அவசரம். இன்ஜினீயரிங் படிக்க வச்சேன். பஸ்ஸுக்கு நின்ன எடத்துல உன் இட்லியைத் தின்னு, உன் பொண்ணையே கட்டிக்கிட்டு வந்து நின்னான். பிரவீனாவை உள்ள விட்டேனா இல்லையா? ஆரத்தி எடுத்தேனா இல்லையா? அதுக்குன்னு, எங்க தெரு லேடீஸ் எல்லாம் இந்தப் பாதையில வாக்கிங் வர்றப்ப, பாருங்கடி, ராஜலட்சுமியோட சம்பந்தி தட்டு கழுவறான்னு சிரிக்கணுமா? நீயே சொல்லு.

தலைப்பிரசவம் தாய்வீட்டுலன்னு முறைப்படிதான் அனுப்பி வச்சேன். மூணாம் மாசம் நான் வந்து அழைச்சிட்டுப் போகணும், அதுவும் முறைதான். அதுக்குள்ள உன் மாப்பிள்ளை, எங்கம்மா உங்க பொழப்பைக் கெடுத்துட்டா, இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்னுட்டு உன் ஷீட்டு வீட்டுல போய் ஒக்காந்துட்டான். பேரன் பொறந்துட்டான்னு கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசல்லயே மறிச்சு நின்னான், பெத்த புள்ள!

பேரன் யாரு சாயல்னு தெருவே கேக்குது. எங்க மாமனார் மூக்கு, அப்படியே இருக்குங்கறேன். பாத்திருந்தாத்தானே?

அதோ வர்றது பிரவீனாதானே? தோள்ல... ஏன்டி, இந்த வெயில்லயா தூக்கிட்டு வருவே? இல்ல, இல்ல, திட்டலம்மா. திரும்பிப் போகாதே. அங்கயே நில்லு, நானே வர்றேன். தொடக்கூட மாட்டேன். அந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் வெலக்கேன்.

பிரவீனா...

சம்பந்தி, நீங்களாவது அவளை நிக்கச் சொல்லுங்களேன்.