ஒரு ராணிக்காக அலைந்த தேவராசாச் சட்டம்பியார்

அக்கிராசனர் நமசிவாயம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, குருநகரிலிருந்தும் இணுவிலிலிருந்தும் இந்த மருதனார்மடத்து வாசிகசாலை இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, ஐயாமார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாணவிகள் சார்பில் இரண்டு வார்த்தை பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டது. ஆசிரியை எழுதித் தந்த உரையை நான் கொண்டுவரவில்லை. இதை வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் நானே எழுதினேன். பயமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்திர ஆசிரியர் தேவராசாச் சட்டம்பியார் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காய்ச்சலோடு அவரை வீடு வீடாக அலைய விட்டவர்கள் யார்? யாழ்ப்பாணத்தாரே கதை எழுதி, யாழ்ப்பாணத்தாரே நடித்து, எந்தக் கம்பனியின் தயவும் இல்லாமல் ஒரு பேசும் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது அவ்வளவு பெரிய குற்றமா?

முதலில் குருநகருக்குப் போனார். கூத்துப் பழக்கும் இன்னாசித்தம்பி அண்ணாவியார் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, அரசன் வேடத்துக்கு மூன்று பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

“படத்திலை அரசனுக்கு ஒரு முகந்தான், அண்ணாவியார்” என்றார் சட்டம்பியார்.

“எங்கடை கூத்திலை முதலரசன், ரண்டாமரசன், மூண்டாமரசன் எண்டு மாறி மாறித்தான் ஆடுறது. அப்பதான் எல்லா வீட்டுக்கும் பங்கு. ஒருத்தனை மட்டும் வைச்சால் மற்ற ரண்டு வீட்டுக்கும் நீங்கள்தான் போய்ச் சொல்லோணும். நான் மாட்டன்!”

சட்டம்பியார் கோபித்தாரா? இல்லை! கதையையே மாற்றி, மூன்று சகோதர அரசர்களை உண்டாக்கினார். மறுநாள் மூவரும் ஒன்றாக வந்து நின்று, “அப்ப, மூத்தவன் ஆர்?” என்று கேட்டார்கள். முன்வரிசையில் கண் துடைத்துக்கொண்டிருக்கும் அரசர்களே, அந்த வழக்கு இன்னுமா முடியவில்லை?

அடுத்தது ராணி. மேடையில் பெண் வேடம் கட்டும் இணுவில் கதிரவேலு அண்ணையை விட அழகான ராணி கிடையாது. ஆனால் கொழும்பிலிருந்து கமராவோடு வந்த அடைக்கலநாதன் அவர்கள் கமராவுக்குள்ளால் பார்த்துவிட்டு, “சட்டம்பியார், ராணி பாடேக்கை குரல்வளை துள்ளுது” என்றார். “கழுத்திலை அட்டியல் போட்டு மறைக்கிறன்” என்றார் கதிரவேலு அண்ணை. போட்டார். அட்டியலும் சேர்ந்து துள்ளியது.

ஆகவே ஒரு பெண் வேண்டியிருந்தது. சட்டம்பியார் கேட்காத வீடு உண்டா? “அருமையான முயற்சி. எங்கடை பிள்ளை சரிவராது, பக்கத்து வீட்டிலை கேட்டுப் பாருங்கோ” என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டார் அதற்கடுத்த வீட்டைக் காட்டினார்கள். தெருவும் ஒழுங்கையும் சுற்றிக்கொண்டு அவர் முதல் வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தார். அத்தனை வீட்டாரும் இன்று மாலையோடு வந்திருக்கிறீர்கள்!

நான் நடிக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். “கொப்பரின்ரை சம்மதம் இல்லாமல் கமராவைத் திறக்கமாட்டன், பிள்ளை” என்றார். அப்படிப்பட்டவர் அவர். என் அப்பா ஆழ்வாப்பிள்ளையிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்டார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார். “யோசிச்சுச் சொல்லுறன், பிறகு வாங்கோ” என்றார். கடைசியாக வந்த அன்று சட்டம்பியார் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உடம்பு நடுங்கியது. அன்றைக்கும் அதே பதில்!

நாளை அடைக்கலநாதன் அவர்கள் கமராவோடு கொழும்புக்கு ரயில் ஏறுகிறார். அவர் போனால் படமும் போயிற்று.

சபையோரே, சட்டம்பியாரின் படத்தை முடித்தே தீருவோம் என்று இந்த மேடையில் நின்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். யாரைக் கொண்டு முடிப்பீர்கள்? அரசர்கள் மூவர் இருக்கிறார்கள், ராணி எங்கே? என் பங்குக்கு நானும் உறுதி சொல்கிறேன். நான் நடிப்பேன். ஆனால் சட்டம்பியார் வைத்த முறைப்படி, அப்பாவின் சம்மதத்தோடுதான் நடிப்பேன்.

அப்பா, தூணோரம் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனபின் நீங்கள் என்னை அடிக்கலாம். அவருக்குச் சொல்லாத பதிலை இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். ஓமா, இல்லையா? அதைக் கேட்காமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.